பாலத்தை முதலில் நீங்களே போடுங்கள்



மின்சுற்று, சிமுலேஷன் என்றதும் சிலர் இந்தப் பதிவை மூடிவிட்டுப் போகப் பார்ப்பீர்கள் என்று தெரியும். ஐந்து நிமிடம் பொறுங்கள். இது எங்கள் ஊர்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையில் தொடங்குகிறது.

மூன்று வருடங்களுக்கு முந்திய தை மாதம். இடம் ஸ்காபரோ. சங்கம் ஒரு மண்டபம் எடுத்திருந்தது. உள்ளே 250 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். "நீ எஞ்சினியரிங் படிக்கிறாய்தானே பிள்ளை, ஆட்களை எண்ணுவதற்கு ஒன்று செய்து தாவன்" என்று சங்கத் தலைவர் மாமா கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதவின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளி பட்டால் தடை குறையும் ஓர் உணரி, அதிலிருந்து வரும் மின்னழுத்தம் நேராக ஒரு டிஜிட்டல் கவுண்டருக்கு. ஆள் நடுவில் வந்தால் ஒளி மறையும், கவுண்டர் ஒன்று கூடும். அவ்வளவுதான்.

கணினியில் சிமுலேஷன் செய்து பார்த்தேன். பத்துப் பேர் நடந்தால் பத்து. நூறு பேர் நடந்தால் நூறு. ஒரு பிழை இல்லை.

விழா அன்று பதினொரு மணிக்கு என் கருவி 251 காட்டியது. தொண்டர்கள் கதவை மறித்தார்கள். வெளியே உறைபனி. பட்டுச்சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்ட அம்மம்மாமார் வரிசையில் நின்றார்கள். கால் மணி நேரம் கழித்து யாரோ ஒரு அண்ணா உள்ளே போய்க் கதிரைகளைப் பார்த்துக் கையால் எண்ணினார். 140 பேர்கூட இல்லை.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அந்தப் பிழை எங்கே இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பாகங்கள் எதிலும் பிழை இல்லை, வயரும் சரியாகத்தான் சேர்த்திருந்தேன். திரையில் நான் ஒரு போர்ட்டிலிருந்து இன்னொரு போர்ட்டுக்கு இழுத்த ஒரு கோட்டில்தான் பிழை ஒளிந்திருந்தது.

அந்தக் கோடு வெறும் வயர் இல்லை

சிமுலேட்டருக்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன.

ஒன்று அனலொக் உலகம். இங்கே மின்னழுத்தம் 2.37 வோல்ட் ஆகவும் இருக்கலாம், 2.371 ஆகவும் இருக்கலாம். சிமுலேட்டர் நேரத்தைச் சின்னச் சின்ன அடிகளாக வெட்டி, ஒவ்வொரு அடியிலும் ஒவ்வொரு சந்தியிலும் உள்ளே வரும் மின்னோட்டமும் வெளியே போகும் மின்னோட்டமும் சமமாகும்வரை கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும். கிர்க்கோஃப் விதி என்று பள்ளியில் படிப்பீர்களே, அதேதான். 1970களின் தொடக்கத்தில் பெர்க்லியில் டொனால்ட் பெடர்சனின் மாணவரான லாரன்ஸ் நாகல் எழுதிய ஸ்பைஸ் என்ற நிரல் இந்த வேலையைத்தான் செய்தது. இன்று நாம் பாவிக்கும் பல சிமுலேட்டர்கள் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

மற்றது டிஜிட்டல் உலகம். இங்கே 2.37 என்று ஒன்று கிடையாது. 0 உண்டு, 1 உண்டு, "தெரியாது" என்பதற்கு எக்ஸ் உண்டு. மின்னோட்டம் என்ற பேச்சே இல்லை. ஏதாவது மாறினால்தான் சிமுலேட்டர் எழும்பி வேலை செய்யும். மாறும்வரை தூங்கும்.

இப்போது அனலொக் பாகத்தின் வெளியீட்டுப் போர்ட்டை டிஜிட்டல் பாகத்தின் உள்ளீட்டுப் போர்ட்டோடு சேர்த்து ஒரு கோடு இழுக்கிறீர்கள். அந்தப் பக்கம் "2.37 வோல்ட் தருகிறேன், எவ்வளவு மின்னோட்டம் எடுப்பாய்?" என்று கேட்கிறது. இந்தப் பக்கத்துக்கு அந்தக் கேள்வியே விளங்காது. "நீ 0 ஆ, 1 ஆ, அதைச் சொல்" என்கிறது. நடுவில் யாராவது நின்று மொழிபெயர்க்க வேண்டும்.

நடுவில் நிற்கும் அந்த ஆளுக்குத்தான் பாலம் என்று பெயர். அமெரிக்காவில் ஜோர்ஜியா டெக்கில் உருவாகி, இன்று என்ஜி-ஸ்பைஸ் என்ற இலவச சிமுலேட்டருக்குள் இருக்கும் எக்ஸ்-ஸ்பைஸ் பகுதியில் அனலொக்கிலிருந்து டிஜிட்டலுக்குப் போக ஏ.டி.சி பாலம், திரும்பி வர டி.ஏ.சி பாலம் என்று இரண்டு உண்டு. வெரிலொக்-ஏ.எம்.எஸ் மொழியில் இதற்கு கனெக்ட் மொடியூல் என்று பெயர்.

நீங்கள் எல்லோரும் பாலமாக இருந்தவர்கள்தான்

நம்மில் எத்தனை பேர் சின்ன வயதில் அம்மம்மாவோடு டொக்டரிடம் போயிருக்கிறோம்? டொக்டர் கேட்பார், ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று. அம்மம்மா சொல்வா, "நோகுதுதான், ஆனா பரவாயில்லை பிள்ளை." எட்டு வயதில் நான் என்ன செய்தேன்? "மூன்று" என்றேன். அம்மம்மாவின் "பரவாயில்லை" மூன்றா ஏழா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் டொக்டர் மூன்று என்று எழுதிக்கொண்டார். அந்த மூன்றை முடிவு செய்தது டொக்டருமில்லை, அம்மம்மாவுமில்லை. நடுவில் நின்ற நான்.

சிமுலேட்டரில் பாலம் செய்வதும் இதுதான். எந்த வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 0? எதற்கு மேலே இருந்தால் 1? இரண்டுக்கும் நடுவில் இருந்தால் என்ன சொல்வது? இந்த மூன்று கேள்விக்கும் யாரோ ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். என் கவுண்டர் சுற்றில் அதை எழுதியது நான் இல்லை. நான் பாவித்த மென்பொருள் தானாகவே ஒரு பாலத்தைப் போட்டு, 5 வோல்ட்டில் பாதியான 2.5 ஐக் கோடாக வைத்திருந்தது. அதற்கு மேலே 1, கீழே 0. நடு என்று ஒன்றே இல்லை. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

உண்மையான சிப் என்ன சொல்கிறது?

நான் பாவித்தது 74-எச்.சி வகைக் கவுண்டர். 5 வோல்ட்டில் ஓடும்போது இந்த வகையின் கணக்கு இது: 1.5 வோல்ட்டுக்குக் கீழே என்றால் 0 என்பது உறுதி. 3.5 க்கு மேலே என்றால் 1 என்பது உறுதி. நடுவில் என்ன நடக்கும் என்று சிப் செய்தவர்கள் எந்த வாக்கும் தருவதில்லை. அதோடு, அந்த நடுப்பகுதியில் அதிக நேரம் நிற்காதே, சீக்கிரம் கடந்துபோ என்றும் தரவுத்தாளில் எழுதியிருக்கும். இந்தக் குடும்பத்தின் சாதாரணக் கேட்டுகளுக்கு 4.5 வோல்ட்டில் 500 நனோசெக்கன் என்பது வழக்கமான எல்லை.

ஒரு மனிதர் கதவுக்குள் நடந்து வரும்போது என் உணரியின் மின்னழுத்தம் 0.8 இலிருந்து 4.2 வோல்ட்டுக்கு ஏற ஏறக்குறைய 80 மில்லிசெக்கன் எடுத்தது. அதாவது 1.5 க்கும் 3.5 க்கும் நடுவில் மட்டும் 47 மில்லிசெக்கன் நின்றிருக்கிறது. சிப் கேட்டது 500 நனோசெக்கன். 94,000 மடங்கு மெதுவாகப் போயிருக்கிறேன்!

மெதுவாகப் போனால் என்ன? இங்கேதான் மண்டபத்து விளக்குகள் வருகின்றன. கனடாவில் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 60 தடவை மாறுவது. அதனால் பல விளக்குகள் செக்கனுக்கு 120 தடவை மின்னும். கண்ணுக்குத் தெரியாது, உணரிக்குத் தெரியும். என் சிக்னல் மெதுவாக ஏறும்போது அதன் மேல் இந்தச் சின்ன அலையும் சவாரி செய்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அலையின் உயரம் 0.06 வோல்ட் இருந்தாலே போதும், ஏறிக்கொண்டிருக்கும் சிக்னல் இடையிடையே கீழே இறங்கும். கவுண்டரின் கோட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் ஒரு ஆள் இரண்டு ஆள் ஆகிவிடுவார். 140 பேர் ஏன் 251 ஆனார்கள் என்று இப்போது விளங்குகிறதா?

விழா முடிந்த பிறகு அதே சுற்றை என்ஜி-ஸ்பைஸில் மறுபடி போட்டேன். இந்தத் தடவை பாலத்தை நானே வைத்தேன். கீழ் எல்லை 1.5, மேல் எல்லை 3.5. அந்தப் பாலம் நடுப்பகுதிக்கு எக்ஸ், அதாவது "தெரியாது" என்று சொல்லும். ஓட விட்டதும் ஒவ்வொரு ஆள் நடக்கும்போதும் 47 மில்லிசெக்கன் நீளத்துக்கு எக்ஸ், எக்ஸ், எக்ஸ். பிறகு கவுண்டர் முழுவதும் எக்ஸ். விளக்கின் அலையை நான் இன்னும் சேர்க்கவேயில்லை. அதற்கு முன்பே சிமுலேட்டர் "இந்த இணைப்பை நம்பாதே" என்று கத்தியது. முதல் தடவையும் அது கத்தியிருக்கும். அதன் வாயை ஒரு தானியங்கிப் பாலம் பொத்தியிருந்தது.

திரும்பி வரும் பாதையிலும் இதே கதை

டிஜிட்டலிலிருந்து அனலொக்குக்கு வரும்போது கேள்விகள் மாறும். 1 என்றால் எத்தனை வோல்ட்? 0 இலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம்? எவ்வளவு மின்னோட்டம் தர முடியும்?

நேரத்தை எடுங்கள். டிஜிட்டல் உலகில் 0 இலிருந்து 1 க்கு நேரமே எடுக்காமல் தாவலாம். அனலொக்கில் அப்படித் தாவினால் கணக்கு உடைந்துவிடும். 100 பிக்கோஃபரட் மின்தேக்கியில் 5 வோல்ட்டை ஒரு நனோசெக்கனில் ஏற்றினால் 0.5 அம்பியர் ஓட வேண்டும். பத்து நனோசெக்கன் என்று மாற்றினால் 0.05 அம்பியர் போதும். சுற்று மாறவில்லை, பாலத்தில் ஒரு இலக்கம் மாறியது, விடை பத்து மடங்கு மாறிவிட்டது.

மின்னோட்டமும் அப்படித்தான். எளிய பாலம் ஒன்று 5 வோல்ட் என்றால் 5 வோல்ட்தான் தரும், நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் சளைக்காது. உண்மைச் சிப்பின் கால் சில மில்லி அம்பியர் தந்ததுமே களைத்து, மின்னழுத்தம் சரியத் தொடங்கும். அதனால் பாலத்துக்குப் பின்னால் ஒரு தடையைச் சேர்த்துப் பழகுங்கள். அது அந்தச் சிப்பின் களைப்பு.

இன்னொன்று, உங்களில் பலர் செய்யப்போகும் பிழை. 3.3 வோல்ட்டில் ஓடும் சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட்டிலிருந்து, 5 வோல்ட்டில் ஓடும் 74-எச்.சி சிப்புக்கு நேராக வயர் போடுவீர்கள். 2.5 இல் கோடு வைத்த பாலம் "சரி" என்று சொல்லிவிடும். ஆனால் சிப் கேட்பது 3.5, நீங்கள் கொடுப்பது 3.3. மேசையில் இன்றைக்கு வேலை செய்யும். ஒரு சூடான நாளில், வேறொரு சிப்பில், வேலை செய்யாமல் போகலாம். இதற்கென்றே 2.0 வோல்ட்டை 1 என்று ஏற்றுக்கொள்ளும் 74-எச்.சி.டி வகை இருக்கிறது. பாலத்தில் 3.5 என்று நீங்களே எழுதியிருந்தால் இதை வாங்க வேண்டும் என்று கடைக்குப் போகும் முன்பே தெரிந்திருக்கும்.

"மென்பொருளே பார்த்துக்கொள்ளும்" என்பவர்களுக்கு

இதைச் சொன்னதும் என் வகுப்பு நண்பர்கள் சிரித்தார்கள். "இந்தக் காலத்தில் யார் கையால் பாலம் போடுவது? மென்பொருளே பார்த்துக்கொள்ளும்" என்றார்கள்.

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு போன் சிப்புக்குள் அனலொக்கும் டிஜிட்டலும் சந்திக்கும் இடங்கள் ஆயிரக்கணக்கில் வரலாம். ஒவ்வொன்றுக்கும் கையால் பாலம் போட்டால் அதிலேயே நூறு பிழை வரும். அதற்காகத்தான் வெரிலொக்-ஏ.எம்.எஸ் இல் கனெக்ட் விதிகள் என்று எழுதி வைத்தால், மென்பொருள் போர்ட்டுகளின் வகையைப் பார்த்துத் தானே பாலங்களைச் செருகுகிறது. என்ஜி-ஸ்பைஸும் அண்மைய பதிப்புகளில் இதைச் செய்கிறது. நான் இதற்கு எதிரி இல்லை.

ஆனால் "தானாக" என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்த விதிகளில் 5 வோல்ட் என்றோ 1.8 வோல்ட் என்றோ ஒரு மனிதர்தான் முதலில் எழுதியிருக்கிறார். தானாக என்றால் யாரும் முடிவு செய்யவில்லை என்று பொருள் இல்லை. உங்களுக்கு முன்பே, உங்கள் சுற்றைப் பார்க்காத ஒருவர் முடிவு செய்துவிட்டார் என்று பொருள். ஒரு அனலொக் வெளியீடு பத்து டிஜிட்டல் உள்ளீடுகளுக்குப் போனால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பாலமா, ஆளுக்கொன்றாகப் பத்துப் பாலமா என்பதுகூட அந்த விதிகளில் ஒரு தெரிவு. பாலம் மின்னேற்றச் சுமையையும் காட்டுகிறது என்றால் ஒன்றுக்கும் பத்துக்கும் வித்தியாசம் வரும்.

வி.எச்.டி.எல்-ஏ.எம்.எஸ் என்ற இன்னொரு மொழி இருக்கிறது, 1999 இல் ஐ.ஈ.ஈ.ஈ தரமானது. அதன் விதிப்படி மின் முனையையும் டிஜிட்டல் சிக்னலையும் நேராகச் சேர்க்கவே முடியாது. நடுவில் என்ன நடக்கிறது என்று நீங்களே எழுத வேண்டும். பலருக்கு இது எரிச்சல். படிக்கிற பிள்ளைக்கு இது நல்ல வாத்தியார் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே என் கருத்து இதுதான்: தானியங்கிப் பாலம் வேலைக்குப் போனவர்களுக்கு. படிக்கிற காலத்தில் பாலத்தை நீங்களே போடுங்கள். சைக்கிளில் சின்னச் சில்லைக் கழற்றுவதற்கு முன் விழுந்து எழும்பியிருக்க வேண்டும். படிப்பிக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை சிமுலேஷன் படத்தைக் காட்டினால் அலை வடிவத்தை மட்டும் பார்த்துப் புள்ளி போடாதீர்கள். "இந்தச் சந்தியில் 1 என்றால் எத்தனை வோல்ட்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அன்று என்னிடம் யாராவது அதைக் கேட்டிருந்தால் அந்த அம்மம்மாமார் குளிரில் நின்றிருக்க மாட்டார்கள். மென்பொருள் செய்கிறவர்களுக்கும் ஒன்று: நீங்கள் செருகும் பாலத்தைப் படத்திலேயே காட்டுங்கள், ஒரு சின்னப் பெட்டியாகவாவது.

இன்றைக்கே செய்து பார்க்க

என்ஜி-ஸ்பைஸ் இலவசம். பழைய மடிகணினியிலும் ஓடும். ஒரு வார இறுதி போதும்.

முதலில், மெதுவாக ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தத்தை ஏ.டி.சி பாலம் வழியாக ஒரு டிஜிட்டல் இன்வெர்ட்டருக்குக் கொடுங்கள். எல்லைகளை உங்களிடம் இருக்கும் சிப்பின் தரவுத்தாளிலிருந்து எடுங்கள். எக்ஸ் எவ்வளவு நேரம் வருகிறது என்று அளந்து பாருங்கள்.

இரண்டாவது, அந்த இரண்டு எல்லைகளையும் கிட்டக்கிட்டக் கொண்டுவாருங்கள். எக்ஸ் சுருங்கி, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போகும். சுற்று திருந்திவிட்டதா? இல்லை. உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் வாழ்நாளுக்கும் மறக்காது.

மூன்றாவது, போர்ட்டுகளின் வரிசையைக் கவனியுங்கள். ஸ்பைஸில் ஒரு துணைச் சுற்றை அழைக்கும்போது போர்ட்டுகள் பெயரால் சேராது, எழுதிய வரிசையால் சேரும். ஒப்-ஆம்ப்பின் கூட்டல், கழித்தல் கால்களை மாற்றி எழுதினால் சிமுலேட்டர் பிழை என்று சொல்லாது. மாற்றிய சுற்றை நேர்மையாகக் கணக்கிட்டுத் தரும். வெரிலொக் குடும்பத்தில் பெயரால் சேர்க்க வழி இருக்கிறது. இருக்கிற இடத்தில் அதையே பாவியுங்கள்.

என் கவுண்டருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். உணரிக்கும் கவுண்டருக்கும் நடுவில் 74-எச்.சி-14 என்ற ஷ்மிட் ட்ரிகர் சிப் ஒன்றை வைத்தேன். அது ஏறும்போது ஒரு எல்லை, இறங்கும்போது இன்னொரு எல்லை வைத்திருக்கும். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு வோல்ட். விளக்கின் சின்ன அலையால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. விலை ஒரு தேநீரைவிடக் குறைவு.

அடுத்த பொங்கலுக்கு மாமா என்னிடம் மறுபடி கேட்டார். ஆனால் கையால் எண்ணுவதற்கும் ஒரு தம்பியை நிறுத்தினார். அது நியாயம்தான். கடைசியில் அவனுக்கும் என் கருவிக்கும் மூன்று பேர் வித்தியாசம். கை கோத்துக்கொண்டு வந்த சோடிகளை என் கருவி ஒருவர் என்று எண்ணியிருந்தது. அதற்கு இன்னும் பாலம் போடவில்லை.

உங்கள் முதல் சுற்றில் 0 க்கும் 1 க்கும் என்ன இலக்கம் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். இலக்கம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் போட்டதாக இருந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் அக்கா